வலப்பக்கம் மேலே வைத்துத் தைத்த அங்கி

என் மகளின் வலக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காது. அந்தக் கையால் ஊசி பிடிக்க முடியாது. தையல்தான் அவளுக்கு உயிர். அந்த விரல்களை அப்படி ஆக்கியவன் நான். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட, “கோபப்பட்டுட்டேன் சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். இங்கே முழுவதையும் எழுதுகிறேன்.

கோலார் தங்கவயலில் பிறந்தேன். படித்து, பெங்களூருக்கு வந்து, முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். என் அப்பா சுரங்கத்திலிருந்து மேலே வந்ததும் இடுப்பு வாரைக் கழற்றுவார். அதை ஒரு சாக்காக எழுதவில்லை. வாரின் வலி தெரிந்தும் கை ஓங்கினேன் என்று சொல்வதற்காக எழுதுகிறேன். மாணவன் ஒருவனைச் செவிப்பறை கிழியும்படி அறைந்திருக்கிறேன். மனைவியை இரண்டு முறை அடித்திருக்கிறேன். வெளியே என்னைச் சாந்தமான மனிதர் என்பார்கள்.

விவேக் நகரில் எங்கள் வீடு முதல் மாடி. மனைவி அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தாள். சாயங்காலம் கல்லூரி விட்டு வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி வைத்துக் கொடுப்பேன். ரவிக்கையின் வலப்பக்கம் மேலே வரும், அதன் அடியில் கொக்கி. இடப்பக்கம் உள்ளே போகும், அதில் வளையம். எத்தனை ஆயிரம் வைத்திருப்பேனோ. இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன். அவளை நான் அடிக்காத நேரங்களில் நன்றாக இருந்த நேரம் அதுதான்.

மகள் ஒருத்திதான். சீனாவிலிருந்து உதிரிபாகங்கள் வாங்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தாள். வேலைக்காக அந்த மொழியைக் கற்றவள், அப்படியே சீனர்களுடைய பழைய உடைகளில் போய் நின்றாள். ஹான்ஃபு என்று பெயர். பல நூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் உடுத்தியது. இப்போது அங்கே இளையவர்கள் அதை மறுபடியும் தைத்து, ரயிலிலும் கடைத்தெருவிலும் உடுத்திப் போகிறார்களாம். பொத்தான் கிடையாது. மார்பின் குறுக்கே ஒரு பக்கத்தை மற்றொன்றின் மேல் மடித்து, விலாவில் நாடாவால் முடிச்சுப் போடுவது. கை அகலமாக முழங்கால் வரை தொங்கும். பெங்களூரிலும் அதில் பித்துப் பிடித்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பூங்காவில் கூடுவார்கள். பாதிப் பேருக்குத் தைத்துக் கொடுத்தவள் என் மகள்.

மனைவி படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் தன் கல்யாணப் புடவையை எடுத்து அவளிடம் கொடுத்தாள். மயில்கழுத்துப் பச்சை, அரக்குக் கரை. “நீ கட்ட மாட்ட, எனக்குத் தெரியும். வெட்டித் தச்சுக்க. பொட்டியில வெச்சு பூச்சி தின்னறதுக்கு உன் மேல கெடக்கட்டும்” என்றாள். நான் அப்போது பக்கத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றாகக் கேட்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்காதவன்போல் நடந்தேன்.

மனைவி போன மறுவருடம் மகள் அந்தப் புடவையை வெட்டி ஓர் அங்கி தைத்தாள். கரை கழுத்துப்பட்டியில் வந்தது. சீன எல்லையில் சண்டை என்று தொலைக்காட்சி காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த காலம் அது. தெருமுனைப் பேக்கரியில் நான் டீ குடிக்கும்போது மூன்று பேர் எப்போதும் நின்றிருப்பார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், குடும்பஸ்தர்கள்.

“இன்னா சார், உங்க பொண்ணு சைனாக்காரியாவே ஆயிட்சா?” என்றான் ஒருவன்.

“மாப்ள அங்கருந்து பார்சல்ல வரப்போறாரு மச்சி” என்றான் இன்னொருவன்.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, “நான் சொன்னா எங்க கேக்குது. நாலு பேரு தெருவுல நிறுத்திக் கேட்டாத்தான் புத்தி வரும்” என்றேன்.

அந்த ஞாயிறே கேட்டார்கள். மதியம் மூன்று மணி இருக்கும். நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பச்சை அங்கியில் அவள் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மூவரும் வழியை மறித்தார்கள். ஒருவன் தொங்கும் கையைப் பிடித்து இழுத்தான். தோளில் தையல் விட்டது. மற்றொருவன் டம்ளரில் இருந்த டீயை அவள் மார்பில் ஊற்றினான். அவள் அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் தள்ளினான். சாக்கடை மூடியின் விளிம்பில் முழங்கால் இடிபட விழுந்தாள். விழுந்தவளின் இடுப்பில் மூன்றாமவன் செருப்புக் காலை வைத்து மிதித்து, “சைனாவுக்குப் போடி” என்றான். பேக்கரிக்காரர் கன்னடத்தில் ஏதோ கத்திக்கொண்டு ஓடி வந்தபிறகுதான் விலகினார்கள்.

கையை ஊன்றி எழும்போது அவள் மேலே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் துணியோடு உள்ளே போய்விட்டேன்.

மேலே வந்தாள். முழங்காலிலிருந்து ரத்தம் கணுக்கால் வரை வழிந்திருந்தது.

“பாத்தீங்களாப்பா?”

“எத?”

“பாத்துட்டுத்தான உள்ள போனீங்க.”

அறைந்தேன். அவள் சொன்னது உண்மை என்பதால் அறைந்தேன். தலை கதவில் மோதியது. இன்னொரு அறை கொடுத்தேன். “உங்கம்மா கல்யாணப் பொடவைய வெட்டிட்டியேடி, அவ எலும்புகூட மக்கலையே” என்று கத்தினேன். அதுவரை அந்தப் புடவையைப்பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. அடிப்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, புடவை கைக்கு எட்டியது.

அவள் அங்கியைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த சுடிதாரோடு, அம்மாவின் தையல் மெஷின் முன் உட்கார்ந்து, கிழிந்த தோளை விரித்துப் பார்த்தாள். என் அடியைவிட அந்தக் கிழிசல் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. மெஷின் மேஜையில் மனைவியின் பெரிய கத்தரி இருந்தது, கனமான இரும்புக் கத்தரி. எடுத்தேன். அங்கியைப் பிடுங்கி மார்பிலிருந்து கீழே வெட்டினேன். அதன் தொங்கும் கையை வெட்டினேன். கழுத்துப்பட்டியை வெட்டத் தொடங்கியபோது அவள் அதைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

“இது மட்டும் வேணாம்ப்பா. அம்மா கரை.”

அவள் விரல்கள் கத்தரியின் வாய்க்குள் இருந்தன. எனக்குத் தெரியும். இருட்டு இல்லை, ஜன்னல் வெளிச்சம் நேராக மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. நான் கையை மூடினேன். பட்டுக்கும் விரலுக்கும் வித்தியாசம் கைப்பிடியில் தெரிந்தது. தெரிந்தபின்னும் அழுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஹேகாய்த்து?” என்று கேட்டார். எப்படி ஆனதென்று நான் சொல்லியிருக்க வேண்டும். மகள்தான் கன்னடத்தில், துணி வெட்டும்போது பட்டுவிட்டது என்றாள். அவர் அவள் கன்னத்திலிருந்த என் விரல் தடத்தையும் என்னையும் பார்த்தார். நான் டாக்டர் காதில் விழும்படி, “கவனமா வெட்டணும்மா” என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய சொற்களில் இவைதான் மிகக் கேவலமானவை.

நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். விரல்கள் திரும்பவில்லை. கட்டோடு வீட்டுக்கு வந்து துணிகளை எடுத்துவைத்தாள். தொம்மலூரில் ஒரு தோழியின் அறைக்குப் போவதாகச் சொன்னாள். படியில் நின்று, “இந்தப் படி எறங்கினா நீ எனக்குச் செத்துட்ட” என்றேன். அவள் இடக்கையில் பெட்டியோடு இறங்கினாள். அந்த மூவரோடு நான் தொடர்ந்து டீ குடித்தேன். “பொண்ணு கை எப்டி சார் கீது?” என்று விசாரித்தான் மிதித்தவன். “பரவால்ல” என்றேன்.

வெட்டிய துண்டுகளை ஒரு தலையணை உறையில் போட்டு வைத்திருந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் எடுத்து மேஜையில் பரப்பினேன். ரத்தம் பட்ட பகுதி பழுப்பாகி விறைத்திருந்தது. குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் புரதம் இளகும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான், ஆனால் ரத்தம் காய்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. போனவரை போனது. பிறகு துண்டுகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். காலால் மிதிக்கும் மெஷினில் கோணலாகப் போகும், பிரிப்பேன், மறுபடி ஓட்டுவேன். தினமும் காலையிலிருந்து மதியம் வரை அதே வேலை. கழுத்துப்பட்டி நான்கு துண்டாகக் கிடந்தது. நாடாக்கள் தனியே வந்துவிட்டிருந்தன. எந்தப் பக்கம் மேலே, எது உள்ளே என்று தெரியவில்லை. யோசிக்கவும் இல்லை. பெண்பிள்ளை உடுத்துவது, ஆகவே வலப்பக்கம் மேலே. கை தானாகப் போயிற்று. நாடாவையும் அதற்கேற்ப மாற்றித் தைத்தேன்.

ஐந்து மாதத்தில் முடிந்தது. சீட்டு எதுவும் வைக்கவில்லை, என்ன எழுதுவது. பார்சலாக அனுப்பினேன். சாயங்காலம் போனில் ஒரு செய்தி வந்தது: “கெடச்சது. புரிஞ்சது.”

மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அன்று மட்டன் வாங்கிச் சமைத்தேன். மனைவியின் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். ஏறக்குறைய ஒரு வருடம் அந்த இரண்டு வார்த்தைகளோடு நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன்பிறகு ஒரு காலைப்பொழுதில், இந்த உடையைத் தைக்கக் கற்றுக்கொடுக்கும் தமிழ் வீடியோ ஒன்று என் போனில் வந்தது. குரலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முகம் காட்டவில்லை. இடக்கையால் வெட்டினாள், இடக்கையால் தைத்தாள். வலக்கை துணியின்மேல் பளு மாதிரி கிடந்தது, இரண்டு விரல் நீட்டியபடி.

“மொதல்ல இத கத்துக்கோங்க” என்றாள். “போட்டுக்கறவங்களோட இடப்பக்கம் மேல வரணும். வலது உள்ள போகணும். மாத்திக் கட்டினா அது பொணத்துக்கு. செத்தவங்கள அடக்கம் பண்றப்ப மட்டுந்தான் வலப்பக்கம் மேல. சின்னப் பிள்ளைக்குக்கூட அங்க இது தெரியும். மாத்தித் தச்சா எப்டி இருக்கும்னு காட்டறேன்.” ஒரு பச்சை அங்கியை விரித்தாள். “இது ஒருத்தர் வேணும்னே தச்சு அனுப்பினது.”

படியில் நின்று நான் சொன்னதை, பட்டில் தைத்து அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் புரிந்தது என்று எழுதியது அதைத்தான்.

பத்து மணிக்கே தொம்மலூர் போய்விட்டேன். அதன் பழைய ஊர்ப் பகுதியில் ஒரு சந்து, கீழ்த்தளத்து அறை. கதவைத் திறந்தவள், திறந்த கதவில் கையை வைத்தபடியே நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. நாற்பதைத் தொடப்போகிறவள், காதோரம் நரைத்திருந்தது.

“வேணும்னு செய்யலம்மா” என்றேன். “தெரியாது எனக்கு. ரவிக்கை மாதிரி நெனச்சு... அம்மாவுக்குக் கொக்கி வெப்பனே, அந்தக் கணக்குல...”

“ரவிக்கையா” என்றாள்.

“ஆமா.”

“ஒரு வருஷமா அத வெச்சு ஊருக்கே பாடம் எடுத்துட்டிருக்கேன்.” சிரிக்கப்போவதுபோல் வாய் கோணியது, சிரிக்கவில்லை. “அப்ப இத தெரியாம செஞ்சீங்க. கைய?”

“தெரிஞ்சுதான் செஞ்சேன். வெரல் உள்ள இருந்தது தெரியும். பேக்கரில அவனுங்ககிட்ட சொல்லிவிட்டதும் நான்தான்.”

இரண்டாவது செய்தி அவளுக்குத் தெரியாது. கதவு மூடப்போகிறது என்று எண்ணினேன். அவள் உள்ளே போய் அந்த அங்கியை எடுத்துவந்தாள்.

“குடு, பிரிச்சு மாத்தித் தச்சுத் தரேன்” என்று கை நீட்டினேன்.

“தேவயில்ல. இப்டியே இருக்கட்டும். ஒங்களுக்கு அளவு பெருசாக்கி வெக்கறேன். ஒங்களப் பொட்டியில வெக்கறப்போ இதத்தான் போட்டு அனுப்புவேன். பக்கம் சரியாத்தான இருக்கு.”

கேலியா, தீர்ப்பா, தெரியவில்லை. சரி என்றேன்.

“உள்ள வாங்க, அளவெடுக்கணும்.”

மேஜையருகே நின்றேன். அவள் இடக்கையில் டேப்பைப் பிடித்தாள், மறுமுனையைப் பிடிக்க அந்த விரல்களுக்கு முடியவில்லை. நானே என் கழுத்தோரம் பிடித்துக்கொண்டேன். தோள் எடுத்தாள், மார்பு எடுத்தாள்.

“கையத் தூக்குங்க.”

தூக்கினேன். அவள் சட்டென்று ஓரடி பின்னால் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டேப் தரையில் விழுந்தது.

பிறகு குனிந்து அதை எடுத்தாள்.

“மெதுவாத் தூக்குங்கப்பா” என்றாள்.