விபத்தில்லாத நாட்கள்

சிங்கப்பூரில் நான் கடைசியாகப் பார்த்த வேலை, பலகையில் எண் மாற்றுவது. கட்டுமானத் தளத்தின் வாசலில் ஆள் உயரப் பலகை ஒன்று இருந்தது. ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று நான்கு மொழிகளில், தமிழில் ஒரு பிழைகூட இல்லாமல் எழுதி, கீழே எண் தகடுகளை மாட்டக் கொக்கி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் பழைய தகட்டைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். என் வலது கையில் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்ததால் இடது கையால் மாட்டுவேன். இதற்கு அங்கே லைட் டியூட்டி என்று பெயர். கை நசுங்கிய ஒருவன் விபத்தே நடக்கவில்லை என்று தினம் ஒரு நாளைக் கூட்டிக்கொண்டிருந்தான். கடந்து போன யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கே இரண்டாவது வாரம்தான் உறைத்தது.

கான்கிரீட் வார்ப்பதற்கான இரும்புச் சட்டங்களை இறக்கும்போது இரண்டுக்கும் நடுவே கை மாட்டியது. அந்த நாட்டில் சட்டம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேலையில் காயம் பட்டால் உள்ளூர்க்காரனுக்கும் எங்களுக்கும் ஒரே சட்டம்தான். யாரிடம் போய்ச் சொல்வது என்று சாப்பாட்டுக் கூடத்தில் தமிழிலேயே ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் தினமும் சோறு தின்றோம். ஆனால் உள்ளூர்க்காரனுக்கு வேலை போனால் அவன் வீட்டுக்குப் போவான். எங்களுக்கு வேலை போனால் அந்த நாடே போய்விடும். இந்த ஒரு வித்தியாசத்தை எந்தச் சுவரொட்டியிலும் எழுதியிருக்கவில்லை. எங்கள் சூப்பர்வைசர் கண்ணன் அண்ணன் மேலூர்க்காரர், நல்ல மனுஷர். க்ளினிக்குக்குப் போகும் வேனில் என் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“செத்த நேரம் பொறுத்துக்க அப்பு. டாக்டர் கேட்டா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரு. வேலையில பட்டதுன்னு சொன்னா சைட்டை மூடிருவாய்ங்க. நம்மாளுக அம்புட்டுப் பேரும் ஊருக்குத்தான் போகணும்.”

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாக்கியம் என்னுடையது.

விமானம் ஏறுவதற்கு முன் ஆறு வருடம் திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில், ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். சாணார்பட்டியிலிருந்து பஸ்ஸில் டவுனுக்கு வந்து அங்கிருந்து மில் வேனைப் பிடிப்பேன். உள்ளூர்ப் பெண்கள் குறைந்து ஒடிசாவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. உள்ளூர் ஆளுக்கு அடிபட்டால் சொந்தபந்தம் பத்துப் பேர் கேட்டில் வந்து நிற்பார்கள், ஏதாவது செய்தே ஆகவேண்டும். ஒடிசாக்காரருக்கு யார் வந்து நிற்பார்? இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் விபத்து அறிக்கை எழுத வேண்டும், எழுதினால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவார். அதனால் டவுனில் ஓர் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போவோம். கூட்டிப்போவது என் பொறுப்பு. என்ன சொல்ல வேண்டும் என்று வேனில் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்புதான்.

சுமித்ரா என்ற பெண்ணுக்கு இயந்திரத்தில் இரண்டு விரல்கள் போயின. தமிழ் தெரியாது. என் அரைகுறை இந்தியில், இதைச் சொன்னால் வைத்தியம் பார்ப்பார்கள் என்று மட்டும் சொல்லி, ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்பதைத் தமிழிலேயே ஆறேழு முறை சொல்ல வைத்தேன். அழுதுகொண்டே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டரிடம் சரியாகச் சொன்னார். அதற்குப் பிறகு மில் மெஸ்ஸில் சமையல்கார அம்மா கை எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் அதையே சொன்னார். அந்தத் தமிழைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு மாதம் கழித்து ரயிலேற்றிவிடப் போனபோது, கட்டுப் போட்ட கையோடு கும்பிட்டு என்னிடமும் அதையே சொன்னார். நன்றி சொல்வதாக நினைத்திருப்பார். ஒடிசாவில் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

என்னையும் அப்படித்தான் ஏற்றிவிட்டார்கள். விரல்கள் இனி மடங்காது என்று உறுதியானதும் எண் மாற்ற வேறு ஆள் வந்தான். விமான நிலையம் வரை வந்த கண்ணன் அண்ணன் பிள்ளைகளுக்குச் சாக்லேட் வாங்கித் தந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஊருக்கு வந்து சில வாரங்களில் ஒரு போன் வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் அங்குள்ள ஒரு பெண், என் அறை நண்பன் சொல்லி அழைத்திருந்தார். இழப்பீடு கேட்க இன்னும் காலம் இருக்கிறதாம். வழுக்கி விழுந்ததாக என் இடது கைக் கிறுக்கல் கையெழுத்தோடு ஒரு காகிதம் அந்த க்ளினிக்கில் கிடக்கிறது, அதன் நகல் என்னிடமும் இருந்தது. வேலை செய்யும்போது நசுங்கிய காயம் என்று இங்குள்ள டாக்டர் ஒருவர் எழுதித் தந்தால் அதை எதிர்த்து நிற்கலாமாம். எனக்குத் தெரிந்த எலும்பு டாக்டர் ஒருவர்தான். நானும் என் மனைவி செல்வியும் பஸ்ஸில் கிளம்பினோம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்று வழியெல்லாம் என்னைச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

டாக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. மில்லிலிருந்து யாரைக் கூட்டி வந்திருக்கிறேன் என்று கேட்டார். என் கையை நீட்டினேன். பழைய நாற்காலி, பழைய மேசை, அதே கேள்வி.

“எப்படி ஆச்சு?”

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்.”

சத்தியமாக நான் நினைத்துச் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்காக அந்த அறையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. செல்வி பதறிப்போய், வேலை பார்க்கும்போது நசுங்கியது என்று குறுக்கே சொன்னாள். டாக்டர் சிங்கப்பூர்க் காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார்.

“இதுலயும் பாத்ரூம்னுதான் இருக்கு. இவரும் அதைத்தான் சொல்றாரு. நான் மாத்தி எழுதுனா நாளைக்கு என்னையக் கேப்பாங்கம்மா.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் ஏதாவது பேசியிருக்கலாம். இத்தனை வருடம் நான் சொன்னதெல்லாம் பொய் சார், இப்போதும் பொய் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் பேனாவைத் திறந்துகொண்டு, எந்த ஊரில் விழுந்தேன் என்று கேட்டார். நான் ஒருநாளும் வழுக்காத சிங்கப்பூர்க் குளியலறையும், ஒருநாளும் பார்த்திராத மில் விடுதிக் குளியலறையும் நினைவில் வந்தன. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் என் பதிலுக்குக் கொஞ்சம் பார்த்துவிட்டு, இடம் என்று போட்டிருந்த கட்டத்தில் ‘வீடு’ என்று எழுதினார்.