மைக் அழுந்திக் கிடந்த பதினெட்டு நிமிடம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் இரண்டு மேஜைகள். ஒன்றில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம், மற்றதில் ரேடியோப் பெட்டி. நடுவில் சக்கரம் வைத்த ஒரே நாற்காலி. காலால் ஒரு உந்து உந்தினால் போதும், கடைக்காரம்மா செய்தி அக்கா ஆகிவிடுவார்.

வயது நாற்பத்தெட்டு. அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்துப் பதினொரு வருடம் ஆகிறது. அந்த வட்டாரத்தில் அப்படி உரிமம் வைத்திருப்பவர்கள் அறுபது பேர் இருப்பார்கள். மாடியில் கம்பி கட்டி, சம்பளமில்லாமல், லாபமில்லாமல், காற்றில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறவர்கள். ஊரில் பந்தயம் நடந்தாலும் வெள்ளம் வந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிறவர்களும் அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர்களுக்கென்று ஒரு செய்தி உண்டு. ஒன்பது வருடமாக அதை எழுதுவதும் வாசிப்பதும் அவர்தான்.

யார் புதிதாக ஏரியல் கட்டினார், யார் பரீட்சையில் தேறினார், யாருக்கு முட்டியில் ஆபரேஷன், யார் வீட்டில் பழைய பேட்டரி சும்மா கிடக்கிறது, அடுத்த மாதப் பந்தயத்துக்கு எத்தனை தன்னார்வலர் தேவை. ஒன்றையும் விடமாட்டார். சனிக்கிழமை முழுக்கப் போன் போட்டுச் சேகரிப்பார். செய்தி முடிந்ததும் வருகைப் பதிவு. கேட்டவர்கள் ஒவ்வொருவராக உரிமத்தோடு தரப்பட்ட தங்கள் அழைப்புக்குறியைச் சொல்லவேண்டும், அவர் நோட்டில் டிக் போடுவார். எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடம். வாரம் தவறாமல் முப்பது டிக்காவது விழும். அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று அவர் இருந்தார்.

அந்த வருடத்துச் சைக்கிள் பந்தயத்தை ஒரு மருத்துவமனை ஞாயிற்றுக்கிழமையன்று, செய்தி முடிந்த கையோடு நடத்தியது. தொண்ணூறு கிலோமீட்டர் பாதையில் பாதி இடத்தில் செல்போன் எடுக்காது. அதனால் பதினொரு இடங்களில் ரேடியோக்காரர்கள் நின்றார்கள். செய்தி அக்கா கடைப் பின்னறையில் கட்டுப்பாட்டு நிலையம். காற்றில் வருகிற எல்லாவற்றையும் நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதுவது கட்டுப்பாட்டில் உட்காருகிறவரின் வேலை. கடைசிச் சைக்கிளுக்குப் பின்னால் அவருடைய தம்பியின் சலவைக்கடை வேன் வந்தது. பக்கத்து இருக்கையில் ரேடியோக்காரர்கள் சங்கத்தின் செயலாளர், மருந்துக்கடை வைத்திருப்பவர்.

ஒன்பது நாற்பதுக்கு வேனில் மைக் நழுவி இரண்டு இருக்கைக்கும் நடுவே விழுந்தது. விழுந்த இடத்தில் அதன் பட்டன் அழுந்திக்கொண்டது. ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். பட்டனை அழுத்தியிருக்கிறவருக்கு அடுத்தவர் பேசுவதும் கேட்காது. ஆக, அந்த நொடியிலிருந்து வட்டாரம் முழுவதும் வேனுக்குள் நடப்பது மட்டும் கேட்டது. வேனுக்கு எதுவும் கேட்கவில்லை.

முதலில் இஞ்சின் சத்தம். பிறகு தம்பியின் குரல்.

"காலையில எங்க சார் சாப்பிட நேரம். அக்கா நியூஸ் முடியவே எட்டு நாப்பது ஆயிருச்சு."

"வீட்ல எல்லாரும் கேப்பீங்களா?"

"கேக்குறதா? அக்கா ஆரம்பிச்சா என் பொண்டாட்டி குளிக்கப் போவா. அவ வந்ததும் புள்ளைங்க போகும். கடைசியா நான் குளிச்சிட்டு வந்து நானும் கேட்டேன்னு சொல்லி டிக் வாங்கிப்பேன்."

செயலாளர் சிரித்தார். அக்கா நேரத்தைப் பார்த்து எழுதினார். கை அதுபாட்டுக்கு எழுதியது.

இதற்கென்று ஏற்பாடு உண்டு. ஒரு அலைவரிசை அடைபட்டால் எல்லோரும் மாற்று அலைவரிசைக்குப் போகவேண்டும். அவர் இரண்டாவது பெட்டியைப் போட்டு அங்கே கூப்பிட்டார். பதினொன்றில் மூன்று பேர்தான் பதில் சொன்னார்கள். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று அவருக்குப் புரிந்தது. பழைய அலைவரிசையில் சுவாரசியமாக இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டார். கையில் இருந்த போன் ஒலிப்பதும், அதே மணி ரேடியோ வழியாக வேனுக்குள்ளிருந்து கேட்பதும் ஒன்றாக நடந்தன.

"யாரு?" என்றார் செயலாளர்.

"அக்கா. இப்ப எடுத்தா பத்து நிமிஷம் போயிரும். அப்புறம் பேசிக்கலாம்."

மணி நின்றது. அதையும் எழுதினார்.

"யாராவது சொல்லலாம்ல, கொஞ்சம் சுருக்குங்கன்னு" என்றான் தம்பி.

"எப்படிப்பா சொல்றது. வீட்டுக்காரரும் போய்ட்டார். பாவம், அவங்களுக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். அதான் எல்லாரும் பல்லக் கடிச்சிட்டு உக்காந்து டிக் வாங்குறோம்."

"ஆமா சார்."

அவருடைய கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. செய்தி வாசிக்கத் தொடங்கி ஒன்பது வருடம். முதல் மூன்று வருடமும் அந்த மனிதர் பக்கத்து அறையில் செய்தி முழுக்கக் குறட்டை விட்டுத் தூங்கினார், ஒரு நாளும் பாவம் பார்த்ததில்லை. கணக்கு இடிக்கிறது என்று அக்காவுக்குத் தோன்றியது. ஆனாலும் 'ஆமா சார்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

பத்தாவது நிமிடத்தில்தான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. தண்ணீர்த் தொட்டி மேல் இருக்கும் ரிலே கருவிதான் எல்லோருடைய பேச்சையும் வாங்கித் தூரத்துக்கு அனுப்புகிறது. யாராவது மூன்று நிமிடத்துக்கு மேல் விடாமல் பேசினால் அது தானாக வெட்டிவிடும். இப்படி மைக் மாட்டிக்கொண்டால் காப்பாற்றுவதற்குத்தான் அந்த ஏற்பாடே. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய செய்தியை அது ஓயாமல் வெட்டுகிறதென்று, அவர் கேட்டுக்கொண்டதற்காக, சங்கத்தில் இருக்கும் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தொட்டி மேல் ஏறி அதை நிறுத்திவிட்டு வந்தார். அப்புறம் ஒருவரும் அதை நினைக்கவில்லை.

ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு மூன்றாவது நிலையத்தில் நின்ற கணக்கு டீச்சர் சாலைக்கு நடுவே வந்து வேனை மறித்தார். அவர் கண்ணாடியைத் தட்டுவதும் ரேடியோவில் கேட்டது.

"மைக்க எங்க வச்சிருக்கீங்க? ஊரே கேட்டுட்டிருக்கு."

அத்தோடு அலைவரிசை அமைதியானது. பிறகு ஐந்தாவது நிலையத்திலிருந்து ஒரு குரல். சைக்கிள்காரர் ஒருவர் விழுந்து முழங்கை கிழிந்திருக்கிறது, பன்னிரண்டு நிமிடமாக இதே அலைவரிசையில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அக்கா ஆம்புலன்சை அனுப்பினார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. முழங்கைக்கு ஆறு தையல்.

மாலையில் செயலாளரும் தம்பியும் கடைக்கு வந்தார்கள். அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக்குத் திருகு மாட்டிக்கொண்டிருந்தார். இருவரும் வாடிக்கையாளர்போல வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"அம்மா, அந்தக் குறிப்பேட்டு ரிப்போர்ட் மருத்துவமனைக்குப் போகணும்" என்றார் செயலாளர். "அந்த ஒரு பக்கத்த மட்டும் புதுசா எழுதிக்கலாமே."

"எழுதலாம் சார். நீங்க புதுசா பேசுங்க, எழுதிக்கிறேன்."

செயலாளர் மருந்துக்கடையைப் பூட்டாமல் வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

தம்பி போகவில்லை. "அக்கா, நான் அப்படி நெனச்சு சொல்லல."

"எப்படி நெனச்சு சொன்ன?"

"போரடிக்குதுக்கா. அது உண்மைதான். பாவம்னு சொன்னது அவரு."

"ஒம்பது நாப்பத்தாறு. 'ஆமா சார்'னு எழுதியிருக்கு. அது யாரு, டிரைவர் சீட்டா, பக்கத்து சீட்டா?"

அவன் பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே வந்து நின்றான்.

"போர்னா போர்னு சொல்லியிருக்கணும். கழுத வயசாச்சு, அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்ல என்னடா பயம்?"

"சொன்னா நீ நிறுத்திடுவ."

"நிறுத்துனா உனக்கென்ன?"

"ஒண்ணுமில்ல" என்றான். பிறகு, "சண்டே காலையில உன் சத்தம் கேக்கும். அவ்வளவுதான். என்ன சொல்றன்னு கவனிக்கமாட்டோம்" என்றான்.

அக்கா திருகை முறுக்கிக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறுத்துவதா வேண்டாமா என்பதைத்தான் அவர் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். போரடிக்கிறது என்றால் சுருக்கலாம். அதில் அவமானமில்லை. பாவப்பட்டுக் கேட்கிறார்கள் என்றால், அது செய்தியே இல்லை. ஆனால் முப்பது டிக்கில் எது கேட்டவர் போட்ட டிக், எது பாவப்பட்டவர் போட்ட டிக் என்று பிரித்துச் சொல்ல ஒரு வழியும் இல்லை.

புதன்கிழமை லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "அந்த மூணு நிமிஷ வெட்டு, அத மறுபடி போட்டுடுங்க."

"உங்க நியூஸ் நடுவுல அறுந்துபோகுமேக்கா."

"அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும்."

மெக்கானிக் அன்று மாலையே ஏறிப் போட்டுவிட்டார்.

ஞாயிறு எட்டு மணி. வட்டாரத்தில் அன்று யாரும் குளிக்கப் போகவில்லை என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள். வேன் விஷயத்தை எப்படி வாசிக்கப்போகிறார் என்று கேட்கக் காத்திருந்தார்கள். அவர் வழக்கமான குரலில் வாசித்தார்.

"சைக்கிள் பந்தயத்துக்குப் பதினொரு நிலையங்களில் நம் தன்னார்வலர்கள் பணியாற்றினார்கள். காலை ஒன்பது நாற்பது முதல் ஒன்பது ஐம்பத்தெட்டு வரை அலைவரிசை அடைபட்டிருந்தது. காயமடைந்த ஒருவர் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார். ரிலேயின் மூன்று நிமிட வெட்டு நிறுத்தப்பட்டிருந்ததே காரணம். நிறுத்தச் சொன்னவர் இந்தச் செய்தியை வாசிப்பவர். வெட்டு மறுபடி இயங்குகிறது. மாற்று அலைவரிசைக்கு மூன்று பேர் வந்தார்கள், அவர்களுக்கு நன்றி."

வேனில் யார் என்ன பேசினார்கள் என்பதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்து ஒரு புதிய ஏரியல், ஒரு தேர்ச்சி, ஒரு முட்டி ஆபரேஷன். ஆபரேஷனுக்கு முன்பெல்லாம் ஐந்து நிமிடம் ஆகும். இப்போது, "நடக்கிறார்" என்ற ஒரே சொல். இரண்டு நிமிடம் ஐம்பது நொடியில் செய்தி முடிந்தது. "வணக்கம்" என்றார். பெட்டியை அணைத்தார். வருகைப் பதிவு இல்லை.

நாற்காலியை உந்தி லென்ஸ் இயந்திரத்துக்கு வந்து சேருவதற்குள் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, டிக் எடுக்க மறந்துட்டியே. எல்லாரும் பட்டன்ல கை வச்சிட்டுக் காத்திருக்காங்க."

"மறக்கல. இனிமே டிக் கெடையாது."

"அப்ப யார் கேட்டாங்க, யார் கேக்கலன்னு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம். கேக்கணும்னு இருக்கறவன் கேப்பான்."

போனில் தம்பிக்குப் பின்னால் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம்.

"ஒருத்தருமே கேக்கலன்னா?"

"அப்பவும் எட்டு மணிக்கு வாசிப்பேன்" என்றார். "அடுத்த வாரத்துக்கு உன்கிட்ட ஏதாவது செய்தி இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு. ரெண்டு வரிக்கு மேல போகக்கூடாது."