முக்கியம்னா திரும்ப கூப்புடுவாங்க

ரெட்டியார்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் டைல்ஸ் கடையில் லேண்ட்லைன் இருப்பது சேகர் அண்ணன் மேசையில். அவர் அதை எடுக்கவே மாட்டார்.

கேட்டால், "முக்கியம்னா திரும்ப கூப்புடுவாங்க" என்பார். திரும்ப அடித்தால், "இவ்ளோ அவசரம்னா நேர்லயே வந்துருவாங்க."

அண்ணன் வீடு கோரிமேடு எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். பெட்ரோல் மட்டும் விலை குறைவு என்று எல்லைக்கு இந்தப் பக்கம் நம்ம ஊரில்தான் போடுவார். இன்று காலை எல்லைக்குக் கொஞ்சம் முன்னாலேயே டேங்க் காலி. செல்போனிலும் சார்ஜ் இல்லை.

யாரிடமோ போன் வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பருக்கு அடித்திருக்கிறார். கடை நம்பர்!

அடித்தது. எங்கள் காதிலும் விழுந்தது. அவர் மேசை போன், நமக்கென்ன என்று இருந்துவிட்டோம்.

வண்டியைத் தள்ளியே பங்க்குக்குப் போய், வியர்க்க விறுவிறுக்க வந்தவர் கத்தினார். "ஒரு ஆளுக்குக் கூடவா போன் எடுக்கணும்னு தோணல?"

"முக்கியம்னா திரும்ப கூப்புடுவாங்கன்னு விட்டுட்டோம்ண்ணே" என்றேன்.

அந்த நேரம் பார்த்து மறுபடியும் போன் அடித்தது. எல்லோரும் அவரையே பார்த்தோம்.

நிதானமாக உட்கார்ந்து சொன்னார். "அதான் நான் வந்துட்டேன்ல. இன்னும் எதுக்கு எடுக்கணும்?"

எங்கள் கடைக்குப் போன் போட்டு ஓய்ந்தவர்கள் கமெண்ட்டில் வாருங்கள். அதையாவது நான் எடுக்கிறேன்.