பாதி கேட்டு எழுதிய விமர்சனம்

அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. கதவு மூடி இரண்டு மாடி ஏறுவதற்குள் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர் பாம்புக்காது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அந்தக் காதுக்கு ஹெவி மெட்டல் வேண்டும்.

அலமாரியில் இருநூற்றுச் சொச்சம் ஆல்பங்கள். ஒவ்வொன்றைப் பற்றியும் அடித்துச் சொல்ல அவரிடம் ஒரு கருத்து இருந்தது. எந்தக் குழுவுக்கும் மூன்றாவது ஆல்பம்தான் உச்சம். அப்புறம் அரைத்த மாவையே அரைப்பார்கள். பேஸ் கிட்டார் காதில் விழாத பதிவு உப்பில்லாத சாப்பாடு. நடுவில் காதல் பாட்டைச் செருகினால் இரண்டு மதிப்பெண் போச்சு. தனக்குப் பிடித்த முதல் பத்தை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி, வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவார்.

“இரும்புக்கடையில திருடன் புகுந்த மாதிரி இருக்கு,” என்பாள் மனைவி.

“அதுலயும் நல்ல திருடன், கெட்ட திருடன் உண்டு,” என்பார்.

மெட்டல் ரசிகர்கள் நடத்திய ஒரு சின்ன மாத இதழில் ‘எட்டாம் மாடி’ என்ற புனைபெயரில் விமர்சனமும் எழுதினார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

மனைவியின் தம்பி டயர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு குழுவில் டிரம்ஸ் வாசித்தான். நாலு பேர் சேர்ந்து எட்டுப் பாட்டுகளை ஆல்பமாகக் கொண்டுவந்தார்கள். முதல் பிரதியை இவரிடம்தான் நீட்டினான். “மாமா, நீங்க கேட்டுச் சொன்னா போதும்.” அதே வாரம் இதழிலிருந்தும் அந்த ஆல்பம் விமர்சனத்துக்கு வந்தது.

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. சொந்தக்காரன் என்று தூக்கிவைத்துவிடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது வெறும் சாக்கு என்று அப்போதே உள்ளுக்குள் தெரியும். வாசிக்க ஆசைப்பட்டு, ஒரு கிட்டார்கூட வாங்காமல் நாற்பதைத் தொட்டவர் அவர். நாலு பாட்டோடு நிறுத்திவிட்டு எழுதினார்: ‘டிரம்ஸ் வாசிப்பவர் வேறு வேலை தேடிக்கொள்வது நல்லது.’

இதழ் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் அதைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்தான். “யாரு மாமா இந்த எட்டாம் மாடி? அவ்வளவு மோசமாவா வாசிச்சிருக்கேன்?”

உண்மை தொண்டைவரை வந்தது. “கண்டவன் எழுதுறதையெல்லாம் மனசுல போட்டுக்காதே,” என்றார்.

மூன்றே மாதத்தில் அவன் டிரம்ஸை விற்றுவிட்டான். குழுவும் கலைந்தது. இவரும் அந்த இதழுக்கு எழுதுவதையும் வாங்குவதையும் விட்டுவிட்டார்.

பதினோரு வருஷம் கழித்து, முதுகுவலிக்கு லீவு போட்டுப் படுத்திருந்த ஒரு மதியம், அந்த ஆல்பத்தை முதல்முறையாக முழுசாகக் கேட்டார். ஆறாவது பாட்டில் கிட்டார்கள் ஓய்ந்து, டிரம்ஸ் மட்டும் தனியாக நடந்தது. அவசரமில்லை, மிரட்டலில்லை. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அவன் விட்ட இடைவெளி நெஞ்சைப் பிடித்தது. எழுந்து உட்கார்ந்து திரும்பவும் கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போனார்.

“எட்டாம் மாடி நான்தான். பாதிதான் கேட்டேன். தப்பா எழுதிட்டேன், மச்சான்.”

அவன் கழற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை அப்படியே விட்டான். “விவரம் தெரிஞ்ச ஆள்தான் எழுதியிருக்கான்னு நம்பினேன், மாமா. அப்புறம் நானே அந்த ஆல்பத்தை ஒரு தடவைகூடக் கேக்கல.”

“மறுபடி ஆரம்பியேன். டிரம்ஸ் நான் வாங்கித் தர்றேன்.”

வலது மணிக்கட்டை மடக்கிக் காட்டினான். பாதியிலேயே நின்றது. “பத்து நிமிஷம் ஸ்பேனர் புடிச்சாலே வீங்கிடுது.” மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, “அலமாரில ஒட்டியிருக்கிற உங்க பத்துல எங்க ஆல்பம் இப்ப எத்தனையாவது?” என்றான்.

முதலாவது என்று சொல்ல நினைத்தார். பொய்யென்று அவன் கண்டுபிடித்துவிடுவான். “நாலாவது.”

“பரவாயில்லையே.” அவன் சிரிக்கவில்லை. வெளியே யாரோ ஹாரன் அடிக்க, திரும்பிக்கொண்டான்.

மனைவியிடமும் அன்றைக்கே சொன்னார். அவள் திட்டவில்லை. “அந்த விமர்சனம் வந்தப்ப எங்கிட்ட உக்காந்து அழுதான். நீங்க பக்கத்து ரூம்ல பாட்டு கேட்டுட்டிருந்தீங்க,” என்றாள்.

அந்த வாரமே புதிய விமர்சனம் ஒன்றை எழுதினார், இந்தமுறை சொந்தப் பெயரில். எட்டுப் பாட்டுக்கும் தனித்தனியே எழுதி முடித்து முகவரி விசாரித்தபோதுதான் தெரிந்தது, இதழ் நின்று ஆறு வருஷமாகிறதாம்.