தவில் நின்றால் ஓடு

மூத்த மகளின் மகன் ரொறன்ரோவில் மிருதங்க அரங்கேற்றம் முடித்துவிட்டான். அவனுடைய தங்கச்சி பள்ளிக்கூட ஓர்கெஸ்ட்ராவில் வயலின், முன்வரிசை. லண்டனில் இருக்கிற என் மகனின் பெட்டைப்பிள்ளை வீணையில் முதற்பரிசு எடுத்திருக்கிறாள். கடைக்குட்டிக்கு இன்னும் பல்லே முளைத்து முடியவில்லை, பால்மா ரின்னில் தட்டுகிற தட்டில் தாளம் பிசகாது... நான் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் பெருமையை மட்டும் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவேன்!

வெயிலில் காயப்போட்ட தவில் தோலின் வாசம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து இணுவிலில் அந்த நாளில் ஒழுங்கைக்கு ஒரு வித்துவான். கிணற்றடிக்குப் போனால் ஒரு வீட்டில் நாதஸ்வரம், அடுத்த வீட்டில் தவில்... அங்கே புருசன் பெண்சாதி சண்டை பிடிப்பதும் தாளத்தோடுதான்.

எங்கள் வீட்டில் என் மனிசன், இவர், தவில். இடம் விட்டு அடிப்பதில் பேர் எடுத்தவர். வேகமாக வாசித்துக்கொண்டு வந்து திடீரென்று கையைத் தூக்கிவிடுவார். சத்தமே இராது. சபை தொடையில் தாளம் போட்டபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும். தாளத்தின் முதல் அடியைச் சமம் என்பார்கள். எங்கே சுற்றினாலும் அதில் வந்து சேரவேண்டும். சமத்தில் இவருடைய அடி வந்து விழும்... சபை "ஆகா" என்று எழும்பும்.

தொண்ணூறுகளின் தொடக்கம், யுத்த காலம் அது. கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் கிடைக்காது. குண்டு போடுகிற பொம்மர் விமானம் மட்டும் தவறாமல் வரும். தூரத்தில் இரைச்சல் கேட்டதும் முற்றத்தில் வெட்டிவைத்த பங்கர் குழிக்குள் பாயவேண்டும். காதுதான் எங்களுக்கு உயிர்.

ஆனால் தவில் முழங்குகிற வீட்டில் பொம்மர் இரைச்சல் எப்படிக் கேட்கும்?

அந்த நேரத்தில்தான் இவருடைய தங்கச்சி புவனத்தின் கலியாணம். ஷெல்லடியால் இரண்டு தரம் தள்ளிப்போனது. இனியும் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்ப்பார்கள் என்று கதை அடிபட்டது.

ஒரு ஒழுங்கு செய்தோம். நான் வாசல் படலையடியில் சிவப்புத் துண்டோடு நின்று வானத்தைப் பார்ப்பது. ஏதும் தெரிந்தால் துண்டை ஆட்டுவது. இவர் தவிலை நிறுத்துவார். தவில் நின்றால் எல்லாரும் பங்கருக்குள் ஓடவேண்டும்.

"அப்ப இண்டைக்கு இடம் விட்டு அடிக்கிற வேலை வைச்சுக்கொள்ளாதேங்கோ," என்றேன்.

"எனக்குத் தெரியாதோ? இண்டைக்கு ஒரே வீச்சுத்தான்."

வந்த சபையில் பாதிப்பேர் மேளக்காரர். தாலி கட்ட இன்னும் நேரம் இருந்ததால் இவரைத் தனியே வாசிக்கச் சொன்னார்கள். முன்வரிசையில் இவருக்குப் பெரியப்பா முறையான அளவெட்டி வித்துவான், வாய் நிறைய வெற்றிலை.

"என்ன தம்பி, பயந்து பயந்து அடிக்கிறாய்? உன்ரை அந்த இடம் எங்கை? பொம்மர் கொண்டுபோட்டுதோ?"

சபை சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. கை நிற்காமல் ஓடியது.

அப்போதுதான் பார்த்தேன்... பனைகளுக்கு மேலே வெள்ளியாய் ஒரு புள்ளி.

துண்டை ஆட்டினேன். இவர் கண்டார். கையைத் தூக்கினார். தவில் நின்றது.

ஒருவரும் எழும்பவில்லை.

வரிசையாக இருந்த அவ்வளவு பேரும் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுகிறார்கள்! பெரியப்பா கேட்ட இடத்தை இவர் விட்டுவிட்டார், சமத்தில் அடி வரும் என்று காத்திருக்கிறார்கள்!

"ஓடுங்கோ!" என்று கத்தினார் இவர்.

"எங்கை ஓடினாலும் சமத்துக்குத்தான் வரவேணும் தம்பி!" என்றார் பெரியப்பா.

சபை "சபாஷ்" என்று கைதட்டியது. படலையடியில் நின்று நான் கத்தியதெல்லாம் அந்தக் கைதட்டலுக்குள் போய்விட்டது. புள்ளி இப்போது புள்ளி இல்லை.

தவிலைத் தொட்டுக் கும்பிடாமல் எடுக்காத மனிசன் இவர். வெறும் நிலத்தில் வைக்கவும் விடமாட்டார். அந்த மனிசன் தோள்வாரைக் கழற்றி, தவிலை மேடையிலிருந்து சபைக்குள் உருட்டிவிட்டார். அது ஒரு கதிரையில் அடிபட்டு, பெரியப்பாவின் காலில் போய் முட்டியது.

பெரியப்பாவின் முகம் வெளிறிப்போயிற்று.

"ஐயோ, இது வித்தை இல்லையடா... எழும்புங்கோ!"

பிறகு எப்படி ஓடினோம் என்று தெரியாது. பங்கருக்குள் புவனத்தின் மாலை என் முகத்தில். யாரோ சத்தமாகத் தேவாரம் சொல்கிறார்கள். குண்டு விழுந்தபோது மண் பொலபொலவென்று தலையில் கொட்டியது...

விழுந்தது தோட்டவெளியில். யாருக்கும் ஒன்றுமில்லை.

வெளியே வந்தால் தவிலின் தோல் பிய்ந்து கிடக்கிறது. முகூர்த்தம் முடியப்போகிறது. மாப்பிள்ளையின் தாய் சேலையைத் தட்டிக்கொண்டு சொன்னா, "மேளம் இல்லாமல் தாலியோ? இன்னொரு நாள் பாப்பம்."

புவனம் அழவில்லை. தமையனைத்தான் பார்த்தாள்.

பெரியப்பா வெற்றிலையைத் துப்பினார்.

"மேளம் என்ரை வாயிலை கிடக்கு. மாப்பிள்ளைத் தம்பி, தாலியை எடும்!"

தொடங்கினார் பாருங்கோ... வாயால் கெட்டிமேளம்! வித்துவான்மார் அத்தனை பேரும் வாயாலும் கையாலும் சேர்ந்தார்கள். இவர் விரல்கூடுகளைக் கழற்றாமலே மேடைப் பலகையில் அடித்தார். புவனத்தின் கழுத்தில் தாலி ஏறியது.

இப்போது இங்கே ரொறன்ரோவில் கலியாண மண்டபங்களில் மைக், ஸ்பீக்கர்... தவில்காரர் இடம் விட்டுக் கையைத் தூக்கினால் சனம் போனைத் தூக்கி வீடியோ எடுக்கிறது. நான் மட்டும் கதிரையை விட்டு எழும்பிவிடுவேன். மகள் கையைப் பிடித்து இருத்துவாள்.

"அம்மா, இஞ்சை ஒண்டும் வராது. இருங்கோ."

இருப்பேன். ஆனால் அடி திரும்ப விழும் வரைக்கும் கண் வாசலில்தான்.

அன்றைக்குப் படம் எடுக்க ஊரில் பிலிம் கிடைக்கவில்லை. புவனத்துக்குக் கலியாணப் படமே இல்லை.

புவனம் மச்சாள், டென்மார்க்கில் இருந்து நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். உன்ரை பேஸ்புக் பக்கத்தில் எத்தனை காலமாக அந்த ரோசாப்பூவையே போட்டு வைத்திருக்கிறாய்? உன்ரை மனிசனைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்திப் புதுப்படம் ஒன்று எடுத்துப் போடு.

தாலி வெளியில் தெரியவேணும்.