காசிராஜனின் வயிறு

திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் காசிராஜனுக்கு, ஊரில் யாருக்கும் தெரியாதது தனக்குத் தெரியும் என்ற நினைப்பு. அந்த மேதாவிக்கு வயிறு மட்டும் அடங்கவில்லை. ஆர்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே உப்பும், உறுமும், எழுந்து ஓட வைக்கும். மதுரை டாக்டர் ‘லோ ஃபாட்மேப்’ என்றொரு பத்தியம் சொன்னார். குடலில் புளித்துக் காற்றாகிற கோதுமை, வெங்காயம், பூண்டு, பருப்பையெல்லாம் சில வாரம் நிறுத்திவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம்.

நிறுத்தியதென்னவோ அவர் மனைவி ஞானசுந்தரிதான். சப்பாத்தியும் கோதுமை ரவையும் வீட்டை விட்டுப் போயின. வெங்காயம் இல்லாத குழம்புக்கு ருசி வரவழைக்க அவள் படாத பாடு பட்டாள். வயிறோ அப்போதும் அடங்கவில்லை. “நீ என்னத்தையோ கலந்துட்ட” என்றார். அதோடு விட்டாரா? கல்யாண வீட்டுப் பந்தியிலெல்லாம், “வீட்டுக்காரி சமையல்ல என் வயிறே போச்சு” என்று தமுக்கடித்தார். ஞானசுந்தரி அதை நம்பினாள், அதுதான் கொடுமை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். தன் கைமேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மகள் பிரீத்திகாவைப் பேசி முடிக்க விருதுநகரிலிருந்து மைதா மொத்த வியாபாரி சுந்தரபாண்டி தன் மகனுக்காகக் குடும்பத்தோடு வந்தார். பெண் வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. நனைக்காமல் எழுந்தால் பேச்சு அதோடு சரி. பந்திப் பேச்சு மாப்பிள்ளையின் அம்மா கற்பகவல்லி காதுக்கும் எட்டியிருந்தது. அம்மா கைப்பக்குவம் இப்படியென்றால் மகளுடையது எப்படியிருக்கும்? அல்வாவும் பப்ஸும் இருந்த தட்டை அவள் தொடவில்லை.

“இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம் மதினி” என்றாள்.

ஞானசுந்தரிக்கு அழுகை முட்டியது. காசிராஜனுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படும்?

“அல்வா கோதுமை. நமக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டுப் பப்ஸைக் கடித்தார்.

“பப்ஸ் ஆகுமாக்கும்?” என்று கேட்டார் சுந்தரபாண்டி.

“இது மைதால்ல? மரவள்ளிக்கிழங்கு மாவு. தினமும் சாயங்காலம் பேக்கரில ரெண்டு பப்ஸு, ஒரு தேங்காய் பன்னு. உங்க ஊருக்கு வந்தா எண்ணெய் புரோட்டா. அதுலதான் உசுரு ஓடுது.”

“அண்ணாச்சி, நான் விக்கிற சரக்கு எனக்குத் தெரியாதா? கோதுமையத் தவிடு நீக்கி அரைச்சாத்தான் மைதா!”

கூடத்தில் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம். கற்பகவல்லி மட்டும் சிரிக்கவில்லை. ஞானசுந்தரியின் முகத்தையே பார்த்தவள், “இலையப் போடுங்க மதினி, சாப்பிட்டுட்டே போறோம்” என்றாள்.

விருந்தாளிகள் கிளம்பியதும் காசிராஜன் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

“ஏன்டி, மைதாவும் கோதுமைதான்னு நீயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க பேக்கரிக்குப் போறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்” என்றாள் ஞானசுந்தரி. சோற்றுப் பானையை மூடி வைத்தாள். “என் சமையலப் பத்தி எந்தெந்தக் கல்யாண வீட்டுல சொன்னீகளோ, அங்கன எல்லாம் போய் இதையும் சொல்லிட்டு வாங்க. அப்புறம் சோறு போடுறேன்.”