காய் பார்த்து நின்றவர்

என் கணவர் நடுவழியில் நிற்க ஆரம்பித்ததைத்தான் நான் முதலில் கவனித்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அது. காங்கேயத்தில் எங்கள் வீட்டிலிருந்து கொப்பரை காயப்போடும் களத்துக்குத் தோப்பு வழியாக ஐந்து நிமிட நடை. மூன்றாவது தென்னை வந்ததும் அவர் நின்றுவிடுவார். இடுப்பில் கை வைத்து அண்ணாந்து குலையைப் பார்ப்பார். கொஞ்சம் பொறுத்து நடப்பார்.

"ஏனுங்க, தெனமும் அந்த ஒரே மரத்துல என்னத்தப் பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

"காய் பாக்கறன் அம்மணி."

காலமெல்லாம் தேங்காயோடு கிடந்த மனிதர். நடக்கிற நடையிலேயே எந்தக் குலையை எப்போது வெட்டலாம் என்று சொல்லிவிடுவார். அவருக்கு எதற்கு இவ்வளவு நேரம்? ஒருநாள் கிட்டப் போய்ப் பார்த்தேன். அண்ணாந்த முகத்தில் கண்கள் மூடியிருந்தன. இடது தோளை வலது கை தேய்த்துக்கொண்டிருந்தது.

வாயு என்றார். சுக்குத் தண்ணீர் குடித்தார். நச்சரித்து நச்சரித்துத்தான் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனேன்.

"நடந்தா நெஞ்சு அடைக்குதா?" என்று இதய டாக்டர் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தானுங்க இருக்கறன். இவதான் பயந்துக்கறா."

எங்கள் பக்கத்தில் யார் நலம் கேட்டாலும் இதுதான் பதில். படித்த மனிதர் முன்னால் உட்கார்ந்து குறை சொல்லி அழுவது எங்களுக்கு மரியாதையாகப் படாது. கணவர் சொன்னதை வெளியாள் முன்னால் மறுத்துப் பேசி எனக்கும் பழக்கமில்லை. ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் பதிவது) எடுத்தார்கள். சரியாகவே இருந்தது. சும்மா படுத்திருக்கையில் எடுத்தால் சிலருக்கு அதில் ஒன்றும் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினோம். பஸ்ஸில் அவர் நிம்மதியாகத் தூங்கினார். நான் அவர் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். அன்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

சில வாரங்களில் இரண்டாவது மரத்திலேயே நிற்க ஆரம்பித்தார். அப்புறம் ஒரு காலையில் முதல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வியர்வை. வாடகைக் காரில் பல்லடம் வழியாகக் கோயமுத்தூருக்குப் போனோம்.

அதே டாக்டர். அதே கேள்வி. இந்த மனிதர் வேர்த்துக்கொண்டே, "இப்பப் பரவால்லீங்க" என்கிறார்.

"பொய்யுங்க டாக்டர்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மொதல்ல மூணாவது மரத்துல நின்னாருங்க. அப்பறம் ரெண்டாவதுலயே நின்னாருங்க. இன்னிக்கு மொத மரத்துலயே உக்காந்துட்டாருங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். ஆஞ்சைனா (இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சிறுக்கம்) முற்றிக்கொண்டு வருகிறது, இனி வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார்.

ஆஞ்சியோகிராம் (தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, சாயம் பாய்ச்சி இதயக் குழாய்களைப் படமெடுப்பது) எடுத்ததில் மூன்று அடைப்புகள். பைபாஸ் (காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயால் அடைப்பைத் தாண்டி மாற்றுவழி அமைப்பது) செய்தாக வேண்டும். ஆபரேஷன் முடியும்வரை இதயத்தை நிறுத்திவைத்து, அதன் வேலையை ஒரு இயந்திரம் பார்க்கும் என்றார் டாக்டர்.

"நிறுத்துனா மறுபடி ஓடுமுங்களா?"

"பெரும்பாலும் ஓடிடும்மா. சத்தியம் பண்ணித் தர என்னால முடியாது."

பொய் சொல்லாத அந்த டாக்டர் மேல் அன்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

என் கணவரும் என் மேல் கோபமாக இருந்தார். "டாக்டர் முன்னால என்னையப் பொய்யனாக்கிப் போட்டயே," என்று சொன்னதோடு சரி. இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது வராந்தா முனையில் என் சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார்.

"நெசமாலுமே பயமா இருக்குது அம்மணி," என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்காத வார்த்தை. கதவு மூடிக்கொண்டது. அவர் செருப்பை மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் இதயம் இந்நேரம் நின்றிருக்குமா, இனிமேல்தான் நிற்குமா? மணி பார்க்கப் பயந்து கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நகர்ந்து உட்கார்ந்தேன். சாயங்காலம் நர்ஸ் வந்து, "ஓடுதுங்கம்மா," என்றார். அப்புறம்தான் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி களத்துக்கு நடந்தார். மூன்றாவது தென்னையை நிற்காமல் தாண்டினார். பின்னால் போன எனக்குத்தான் அந்த மரம் வரும்போதெல்லாம் நெஞ்சு அடைத்தது. என்னையும் பரிசோதித்துப் பார்த்தாகிவிட்டது. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, பயம்தான் என்றார்கள். அது தெரிந்தும் கால் நின்றுவிடுகிறது.

ஒருநாள் அப்படி நின்றபோது அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் நின்னுட்ட?"

"காய் பாக்கறனுங்க."

"கண்ண மூடிக்கிட்டா?" என்றார்.

அவர் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். இப்போதெல்லாம் அந்த மரத்தடியில் இருவருமே நிற்கிறோம். ஐந்து நிமிட நடைக்குக் கால் மணி நேரம் ஆகிறது.